வெளிநாட்டு மிஷனெரிக் குடும்பங்கள்: இந்தக் கடிதத்தில் ஊழியம் எங்கே?

காக்ஸ்டவுன்_செயலர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூரில் ஒரு தமிழ்ச் சபையின் மிஷனெரிக் கமிட்டியில் எழுத்து வேலை என் தலையில் இருக்கிறது. பப்புவா நியூ கினியில் ஊழியம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எங்கள் சபை தாங்கி வருகிறது. முழு ஆதரவு இல்லை, மாதாமாதம் ஒரு பங்கு. அண்ணன் வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவில் இருக்கிறார். அக்கா கிராமத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

இந்தக் காலாண்டுக்கான ஜெபக் கடிதம் வந்தது. மழைநீர்த் தொட்டியில் விரிசல், சரிசெய்தார்கள். படகு மோட்டார் பழுது. பையனுக்கு மறுபடியும் மலேரியா. ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்ததால் துக்கம் முடியும்வரை மொழிபெயர்ப்புக்கு யாரும் வரவில்லை. மாற்கு சுவிசேஷத்தில் சில அதிகாரங்கள் சரிபார்ப்பில் இருக்கின்றன. விசா புதுப்பிக்க ஜெபியுங்கள். அவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் ஒரு மூப்பர், "இதுல ஊழியம் எங்கேப்பா? தொட்டி பூசுறதுக்கா காணிக்கை அனுப்புறோம்?" என்று கேட்டார். இன்னொருவர், இதே பணத்துக்கு ராய்ச்சூர் பக்கம் மூன்று சுவிசேஷகர்களைத் தாங்கலாம் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த கூட்டத்தில் ஆதரவைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கவேண்டும்.

வெளிநாட்டுப் பணித்தளத்தில் இருந்தவர்கள், அப்படிப்பட்டவர்களைத் தாங்குகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், அது ஞாயிறுதோறும் கிடைக்கிறது.

லிங்கராஜபுரம்_தம்பி:

மூப்பர் கேட்டதில் தப்பே இல்லை. கொடுக்கிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்ததும் சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் தொட்டி விரிசலைப் பற்றிச் சொன்னதாக நான் வாசிக்கவில்லை.

கோத்தனூர்_அக்கா:

செயலர் தம்பி, நானும் என் வீட்டுக்காரரும் அதே நாட்டில், கிழக்கு செபிக் மாகாணத்தில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பல வருஷம் இருந்தோம். இப்போது பெங்களூரில்தான் இருக்கிறோம். ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஊழியம் எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை தொட்டியைத் தட்டிப் பார்ப்பது. சத்தத்தை வைத்து எத்தனை வளையம் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தகரக் கூரையில் விழும் மழைதான் குடிக்க, சமைக்க. அது போனால் ஆற்றுத் தண்ணீர், அப்புறம் வயிற்றுப்போக்கு, அப்புறம் ஒரு வாரம் எந்த வேலையும் கிடையாது. அதனால் தொட்டியில் விரிசல் என்பது சின்னச் செய்தி இல்லை.

அடுப்பு பற்றவைப்பதற்குள் வாசலில் ஆள் வந்துவிடும். காய்ச்சலில் துவளும் குழந்தை, வெட்டுக்காயம், சீழ் வைத்த கால். நான் நர்ஸ் இல்லை. ஆனால் பக்கத்து மருந்தகத்துக்குப் படகில் அரை நாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் மலேரியா பரிசோதனை அட்டை ஒரு பெட்டி எப்போதும் கையிருப்பில் இருக்கும். மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும் என்பதால், தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சியும் சேர்த்தே கொடுப்போம்.

சாப்பாடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நம்ம ஊரில் ஜவ்வரிசி சேலத்து மரவள்ளியில் செய்கிறார்கள். அசல் ஜவ்வரிசி அங்கேதான் இருக்கிறது. சதுப்பில் வளரும் ஒரு பனையை வெட்டி, நடுத்தண்டை இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மாவு படியவிட்டு எடுப்பார்கள். செபிக் கரையில் அதுதான் சோறு. வெந்நீர் ஊற்றிக் கிண்டினால் பசைபோல வரும். என் வீட்டுக்காரர் கடைசிவரை மிளகாய்த்தூள் இல்லாமல் அதைத் தொடவில்லை.

ஒன்பது மணிக்கு மொழிபெயர்ப்பு மேசை என்று பேர். கூட வேலை செய்யும் ஊர் அண்ணன்மார்களுக்கும் தோட்டம் இருக்கிறது, படகு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று பேர் வரவேண்டிய இடத்தில் ஒருவர் வருவார். ஊரில் சாவு என்றால் எல்லாரும் துக்க வீட்டில்தான் இருப்பார்கள், நாமும் போய் உட்கார வேண்டும். போகாமல் மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குடும்பம் நம்மை வாழ்நாளுக்கும் மறக்காது, நல்லவிதமாக அல்ல. உங்கள் கடிதத்தில் உள்ள அந்தத் துக்க நாட்களில்தான் அவர் பாஷையை அதிகம் கற்றிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

முதல் வரைவு எழுதியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அதன்பிறகு, வரைவில் கைவைக்காத ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேட்கவேண்டும். வேறொருவர் அதைக் கேட்டு, மூலத்தைப் பார்க்காமல், பொதுமொழியில் திரும்பச் சொல்லவேண்டும். அதை வைத்து வெளியிலிருந்து வரும் ஆலோசகர் வசனம் வசனமாகக் கேள்வி கேட்பார். மறுபடியும் திருத்தம். புதிய ஏற்பாடு ஒன்று முடிய பத்துப் பதினைந்து வருஷம் ஆவதெல்லாம் சாதாரணம்.

மாற்கு 2ஆம் அதிகாரம், திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கும் பகுதியை ஒருநாள் பெண்களுக்கு வாசித்தோம். முடிந்ததும், "என்ன கேட்டீங்க?" என்றோம். ஒரு பாட்டி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கூரைக்கு நஷ்டஈடு யார் கொடுத்தது?" என்றார். மற்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஓலை வேய்ந்த கூரை என்றால் அவர்களுக்கு எத்தனை நாள் உழைப்பு என்று தெரியும். அங்கே எந்தச் சேதத்துக்கும் ஈடு கொடுத்துச் சமாதானம் பண்ணுவதுதான் ஊர் நியாயம். நாங்கள் எழுதியிருந்த விதத்தில் நாலு பேர் வீடு புகுந்து சேதம் பண்ணினதாகத்தான் கேட்டிருக்கிறது! கூட்டத்தால் வாசலை நெருங்க முடியவில்லை என்ற வரியை அவர்கள் காதில் விழும்படி மாற்றி எழுத அந்த நாள் முழுக்கப் போனது. அந்த நாளுக்கு ஜெபக் கடிதத்தில் என்ன எழுதுவது? "ஒரு வசனம் திருத்தினோம்" என்றுதான்.

மத்தியானம் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்காலம் திண்ணையில் ஆட்கள். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கொடியின் காய், மூன்றையும் சேர்த்து மெல்லுவார்கள். நம் வெற்றிலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதில் உட்கார்ந்து கதை பேசாதவனை அந்த ஊர் நம்பாது. ராத்திரி பேட்டரியில் மிச்சம் இருந்தால் கணினி. இல்லையென்றால் படுக்கை.

லிங்கராஜபுரம்_தம்பி:

அக்கா, இது நன்றாக இருக்கிறது. இதை ஏன் கடிதத்தில் எழுதுவதில்லை? நஷ்டஈடு கதையைச் சபையில் வாசித்தால் மூப்பர் வாயைத் திறந்திருக்க மாட்டாரே.

கோத்தனூர்_அக்கா:

எழுதினால், "கதையெல்லாம் சரி, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்று பதில் வரும். வந்திருக்கிறது. கொஞ்ச காலத்தில் கை தானாகவே சுருங்கிவிடும்.

அல்சூர்_ஏரி:

நான் கிறிஸ்தவன் இல்லை. பெங்களூர்த் தமிழர் விஷயங்களுக்காக இந்தப் பக்கம் வருவேன். நேராகக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பப்புவா நியூ கினியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 2025 மார்ச்சில் அரசியலமைப்பிலேயே கிறிஸ்தவ நாடு என்று சேர்த்துவிட்டார்கள். அப்படியிருக்க இங்கிருந்து மிஷனெரி எதற்கு? வெள்ளைக்காரன் வந்து நம் பழக்கவழக்கத்தில் கைவைத்தான் என்று நாமே குறை சொல்கிறோம். இப்போது நாம் போய் அதையே இன்னொருவனுக்குச் செய்வதா?

கல்யாண்நகர்_விசுவாசி:

எல்லா இடத்திலும் வந்து மதமாற்றப் பேச்சா? இவருக்கு இங்கே என்ன வேலை?

மட்டுறுத்துநர்:

கேள்வி மரியாதையாகத்தான் கேட்கப்பட்டிருக்கிறது. பதில் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.

மில்லர்ஸ்ரோடு:

அல்சூர் சார் கேட்டது எங்கள் கமிட்டிகளில் யாரும் கேட்காத நல்ல கேள்வி. இரண்டு பகுதியாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். கணக்கெடுப்பில் கிறிஸ்தவர் என்று பதிந்த பலருக்கு வேதம் சொந்த மொழியில் இல்லை, பொதுமொழியில் கேட்கிறார்கள். இதோடு சூனியக்காரி என்று பழிசுமத்திப் பெண்களைத் துன்புறுத்துவதும் கொல்வதும் அங்கே இன்னும் நடக்கிறது. கொலை செய்தவன் சூனியத்தைக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைத்துக்கொள்ள வழிவிட்ட பழைய சட்டத்தை 2013இல்தான் நீக்கினார்கள். ஆகவே அங்கே போகிறவர்களின் வேலை பெரும்பாலும் ஆள் சேர்ப்பது இல்லை. மொழிபெயர்ப்பு, பள்ளிக்கூடம், மருத்துவம், அடைக்கலம். அதுவும் உள்ளூர்ச் சபை கூப்பிட்டால்தான். கூப்பிடாத வீட்டுக்குக் கொடி நட ஒருவர் போகிறார் என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.

இரண்டாவது, பண்பாட்டில் கைவைப்பது. அது நடந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, நீங்கள் எங்களுக்காக உயிரைக் கொடுத்தீர்கள், இப்போது எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். வெள்ளை மிஷனெரிகள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்துவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன பேச்சு அது. மாநாட்டில் பலருக்குப் பிடிக்கவில்லை. நாம் வெளிநாடு போகும்போது அதே கேள்வி நம்மையும் நோக்கித் திரும்புகிறது.

சிவாஜிநகர்_மரியா:

எங்கள் கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று. அல்சூர் அண்ணனுக்கும் இது பொருந்தும். பப்புவா நியூ கினியின் முதல் புனிதர் பீட்டர் டோ ரொட் வெளிநாட்டுக்காரர் இல்லை, ஊர்க்காரர், கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ள உபதேசியார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் வெளிநாட்டுக் குருக்களைப் பிடித்து அடைத்தபோது, ஞானஸ்நானம், திருமணம், ஜெபக்கூட்டம் எல்லாவற்றையும் அவர்தான் நடத்தினார். 1945இல் சிறையில் கொல்லப்பட்டார். 2025 அக்டோபரில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். மிஷனெரி போனபிறகு வேலை நிற்கிறதா நடக்கிறதா என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது?

என் பெரியம்மா மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவில் இருக்கிறார். அவர்கள் ஆதரவு தேடிச் சபை சபையாகப் போவதில்லை, மடத்தின் தலைமையிடமே பார்த்துக்கொள்ளும். விடுமுறைக்கு வரும்போது எங்களிடம் சொல்வதெல்லாம் கிணறு, கோழிப்பண்ணை, பிரசவ வார்டு பற்றித்தான். ஜெபம் பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கேட்டால் சிரிப்பார்.

ஆபத்தும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக்காரரான இயேசு சபைத் தந்தை அலெக்சிஸ் பிரேம் குமார் ஆப்கானிஸ்தானில் அகதிகளுக்கான கல்விப் பணியில் இருந்தார். 2014 ஜூனில் ஹெராத் பக்கம் ஒரு பள்ளியைப் பார்க்கப் போன இடத்தில் கடத்தினார்கள். 2015 பிப்ரவரியில்தான் விடுதலை. ஏமனில் 2016 மார்ச்சில் அன்னை தெரசா சபைச் சகோதரிகள் நால்வரைக் கொன்று, சலேசியத் தந்தை டாம் உழுன்னாலிலைக் கொண்டுபோனார்கள். அந்தச் சகோதரிகள் அங்கே நடத்தியது முதியோர் இல்லம். பிரசங்க மேடை இல்லை.

அல்சூர்_ஏரி:

அசரியா பேச்சு பற்றி எனக்குத் தெரியாது. தேடி வாசிக்கிறேன். எனக்குச் சம்மதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பதில் நேர்மையாக இருந்தது.

மில்லர்ஸ்ரோடு:

மூப்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்கு 300 வயது.

ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்தார். தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் வைத்தார், அச்சகம் நடத்தினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். இடையில் டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சில மாதம் சிறையிலும் போட்டார். இவ்வளவுக்கும் நடுவில் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலர் வென்ட் என்பவருக்கு மனக்குறை. அப்போஸ்தலர்கள் கட்டடமா கட்டினார்கள், பள்ளிக்கூடமா நடத்தினார்கள், பையில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பதுதானே மிஷனெரி வேலை என்பது அவர் கட்சி. அங்கிருந்து வந்த கடிதங்கள் அந்த ரீதியில் இருந்தன. சீகன்பால்க் 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார். அவருடைய கூட்டாளி குருண்ட்லர் அடுத்த வருஷம். கடிதம்தான் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை, உடம்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. ஆனால் கடைசிக் காலத்தில் அவர்கள் தின்ற கசப்பு அது. இன்று நாம் அவரை எதற்காக நினைக்கிறோம்? அச்சுக்கும் பள்ளிக்கும் மொழிபெயர்ப்புக்கும்தான். அந்தச் செயலர் வேண்டாமென்ற வேலைகள்.

இன்னொன்று, நம் பெங்களூரைத் தொட்டது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் வேலைக்கு வந்த ஊர் பெங்களூர். அப்புறம்தான் தமிழ் கற்கத் திருநெல்வேலிப் பக்கம் போய், டோனாவூரில் நிலைத்தார். களத்தில் நடப்பதை உள்ளபடி எழுதி அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய கைப்பிரதியை, சோர்வூட்டுகிறது, உற்சாகமாக ஏதாவது எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மாற்ற மறுத்துவிட்டார். 1903இல் அது அப்படியே புத்தகமாக வந்து பேசப்பட்டது.

கொடுக்கிறவர்கள் கேட்க விரும்புகிற செய்தி ஒன்று, களத்தில் நடக்கிற வேலை வேறொன்று. இந்த இடைவெளியில்தான் எல்லா ஜெபக் கடிதங்களும் எழுதப்படுகின்றன.

லிங்கராஜபுரம்_தம்பி:

ஐயா, வரலாறு தெரிந்தவரோடு வாதாட முடியாது, ஆனாலும் விடமாட்டேன். சீகன்பால்க் பின்னால் எந்தச் சோம்பேறியும் ஒளிந்துகொள்ளலாமே? "நான் உறவு கட்டுகிறேன், பலன் பின்னால் வரும்" என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் ஆதரவு வாங்கி, பாஷையும் கற்காமல், நகரத்து வீட்டில் உட்கார்ந்து, இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டிக் கடிதம் அனுப்பியவர் ஒருவரை எங்கள் சபை தாங்கியது. பெயர் வேண்டாம். அதைக் கண்டுபிடித்தது கேள்வி கேட்டதால்தான்.

கோத்தனூர்_அக்கா:

தம்பி சொல்வது உண்மை. அப்படிப்பட்டவர்கள் உண்டு, களத்தில் இருக்கிற எங்களுக்கு உங்களைவிட முன்னாலேயே தெரியும். அதனால் கேளுங்கள், ஆனால் வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்வியாகக் கேளுங்கள். பாஷை எந்த அளவில் இருக்கிறது, துணை இல்லாமல் சந்தையில் பேரம் பேச முடிகிறதா, ஒரு சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல முடிகிறதா? எந்த அதிகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது: வரைவா, ஊர்ச் சரிபார்ப்பா, ஆலோசகர் பார்த்துவிட்டாரா? கூட வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் யார், அவர்களுக்கு என்ன பயிற்சி? உங்களுக்கு நாளைக்கே விசா மறுத்துவிட்டால் யார் தொடர்வார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சோம்பேறியால் பதில் சொல்ல முடியாது. உழைக்கிறவன் இரண்டு பக்கம் எழுதுவான், யாரோ புரிந்து கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில்.

எண்ணிக்கை கேட்டால் பொய்யன்தான் சீக்கிரம் பதில் தருவான்.

லிங்கராஜபுரம்_தம்பி:

சரி, இது ஏற்கக்கூடியது. கடைசி வரியை எங்கள் கமிட்டிக்கு அப்படியே அனுப்புகிறேன்.

கணக்குப்புள்ள:

யாரும் பணத்தைத் தொடவில்லை, அதனால் நான். சபைகள் விழுந்து எழும் இடம் இதுதான்.

சபை ஒரு அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கிற தொகைக்குப் பொதுவாக வருமானவரி விலக்கு கிடைக்காது, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இருந்தாலொழிய. தனிநபர் என்றால் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்புத் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அன்பளிப்பும் நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் அது தனிநபருக்கு மட்டும், அறக்கட்டளைக்கு இல்லை. வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமானவரிக் கழிவும் கிடையாது. "நம்ம ஆள்தானே, யாரோ போகிறவர் கையில் கொடுத்து அனுப்பலாம்" என்று ஆரம்பித்தால் முடிவு நன்றாக இருக்காது. அனுப்பும் நிறுவனம் எந்த வழியில் அனுப்புகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆடிட்டரிடமும் காட்டுங்கள்.

ராய்ச்சூர் கணக்கு பற்றி: மூன்று பேரைத் தாங்கலாம் என்பது சரியாகவே இருக்கட்டும். அங்கே விசா இல்லை, விமானம் இல்லை, கன்னடம் பேச ஆள் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போடுவதே தப்பு. ராய்ச்சூரையும் தாங்குங்கள், யார் தடுத்தது? பெரும்பாலான சபைகளில் வர்ணம் பூசுவதற்கும் ஒலிபெருக்கி மாற்றுவதற்கும் யாரும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை.

இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அவசரத்துக்கு விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரக் காப்பீடு இருக்கிறதா? பப்புவா நியூ கினியில் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு மற்ற முக்கிய ஊர்களிலிருந்து சாலையே கிடையாது, விமானம்தான். அப்புறம், 60 வயதில் திரும்பி வந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தலைக்குமேல் கூரை இருக்கிறதா? இதைக் கேட்காமல் "விசுவாசத்தில் போனார்கள்" என்று பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொடுக்கிறவனுக்கு மலிவாக முடிகிற விசுவாசம் அது.

எம்கே_பையன்:

எம்கே என்றால் 'மிஷனெரி கிட்', மிஷனெரி பிள்ளை. அதுதான் என் புனைபெயர். அப்பா அம்மா மலாவியில் இருந்தார்கள். நான் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கடிதத்தில் "பையனுக்கு மலேரியா" என்ற வரியைப் பார்த்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வரியில் இருந்த பையன் நான்.

எங்களுக்கு அங்கே வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. மக்காச்சோள மாவுக் களி, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன். அம்மா அதில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மாதிரியே வைப்பார். ஊர்ப் பையன்களோடு சிச்சேவா பேசிக்கொண்டு வெறுங்காலில் சுற்றினேன். கஷ்டம் என்று பெரியவர்கள் சொல்கிறதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

கஷ்டம் ஊருக்கு வந்தபோதுதான். விடுப்பில் வந்தால் ஞாயிறுக்கு ஒரு சபை. அப்பா பேசுவார், படம் காட்டுவார். அப்புறம் நானும் தங்கையும் மேடையேறி அந்த ஊர் பாஷையில் ஒரு பாட்டுப் பாடவேண்டும். முடிந்ததும் ஆன்ட்டிமார்கள் வந்து கன்னத்தைக் கிள்ளி, "அங்க என்னப்பா சாப்பிடுவீங்க? சிங்கம் பாத்தியா?" என்பார்கள். பழைய துணி ஒரு பை கொடுப்பார்கள். ஒருமுறை அதில் வந்த சட்டைப் பையில் சலவைக்காரர் குறித்த நூல் அடையாளம் அப்படியே இருந்தது. நன்றி சொல்லு என்று அம்மா கண்ணைக் காட்டுவார். அப்புறம் இங்கே விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். தமிழ் எழுத வராது, ஆனால் தமிழ்ப் பையன். வகுப்பில் எனக்கு "ஆப்பிரிக்கா" என்றுதான் பெயர்.

அப்பா அம்மா மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. அவர்கள் சேர்ந்து உழைத்த பள்ளிக்கூடத்தை இப்போது மலாவிக்காரர்களே நடத்துகிறார்கள், எனக்குப் பெருமைதான். செயலர் அண்ணனிடம் கேட்பது ஒன்று. கமிட்டியிலிருந்து எழுதும்போது அந்தப் பையனுக்கு, அவன் பெயர் போட்டு, தனியாக நாலு வரி எழுதுங்கள். எந்த கிரிக்கெட் அணி பிடிக்கும், என்ன வாசிக்கிறான், அங்கே சிநேகிதன் யார் என்று கேளுங்கள். ஊழியத்தைப் பற்றி ஒன்றும் வேண்டாம். எனக்கு அப்படி எழுதியவர் ஒரே ஒருவர், அப்பாவுக்கு ஆதரவு கொடுத்த ஒரு ரயில்வே ஓய்வூதியர். அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மேடையில் நான் பாடிய பாட்டு எதுவும் நினைவில் இல்லை.

கோத்தனூர்_அக்கா:

தம்பி, என் மகளும் இதையே சொல்வாள். மேடைப் பாட்டு உட்பட.

கல்யாண்நகர்_விசுவாசி:

அந்தப் பழைய துணி விஷயம் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லவேண்டியது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்ன அனுப்பலாம், யாராவது சொல்லுங்கள்?

கோத்தனூர்_அக்கா:

முதலில் அவர்களையே கேளுங்கள். பருப்பு, விதை, ஊறுகாய் எல்லாம் அங்கே சுங்கத்தில் நிற்க வாய்ப்பு அதிகம், அந்த நாட்டில் தாவரப் பொருளுக்குக் கெடுபிடி. பார்சல் போய்ச்சேர மாதங்கள் ஆகலாம். புதுச் சட்டை, பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம், நல்ல சமையல் கத்தி. எனக்கு ஒரு அக்கா காபி வடிகட்டி அனுப்பினார், அதை வாங்கிக்கொண்டு நான் அழுதேன் என்றால் சிரிப்பீர்கள்.

காக்ஸ்டவுன்_செயலர்:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்து கமிட்டியில் கொடுத்தேன். அல்சூர் சார் எழுதியதையும் சேர்த்துத்தான். மூப்பர் முழுவதும் வாசித்தார். நஷ்டஈடு கேட்ட பாட்டியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கட்சி மாறவில்லை, "வருஷத்துக்கு ஒருமுறை விவரமான அறிக்கை வேணும்" என்கிறார். அது நியாயம்தான் என்று மற்றவர்களும் நினைத்தார்கள். கோத்தனூர் அக்கா கொடுத்த கேள்விகளை வைத்தே கேட்டிருக்கிறோம். ஆதரவு ஒரு வருஷத்துக்குத் தொடர்கிறது, அறிக்கை வந்தபின் மறுபடியும் பேசுவோம். ராய்ச்சூர்க் கணக்குப் போட்டவர் அதற்குத் தனியாக ஒரு காணிக்கைப் பை தொடங்குகிறார், அதற்குப் பொறுப்பும் அவரே. காப்பீடு பற்றிக் கேட்டு அனுப்பும் நிறுவனத்துக்கு எழுதியாகிவிட்டது, பதில் வரவில்லை.

பையனோடு பேசலாம் என்று எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். காணொளியில் கூப்பிட எந்த நேரம் சரி?

கோத்தனூர்_அக்கா:

அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். ஞாயிறு ஆராதனை முடிந்து 11 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பிற்பகல் 3.30. சூரியத் தகட்டில் பேட்டரி நிரம்பியிருக்கும் நேரம். கிராமத்தில் சிக்னல் இருக்காது, அவர்கள் வேவாக் பக்கம் இருந்தால் அந்த ஊருக்குச் சாமான் வாங்க வரும் வாரம் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை முதலில் பேசவிடுங்கள், மூப்பர்கள் அப்புறம். பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள்.